வினாவும் செப்பும் கணினியும்
(தேர்வுப் பட்டியல் குறித்த ஓர் இலக்கண நோக்கு)

முன்னுரை

மக்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் உரையாடலுள் பெரும்பகுதி வினவுதலும் விடை பகர்தலுமாகவே நிகழ்கிறது. இதனை உணர்ந்த தமிழ் இலக்கண நூலார் வினாவுக்கும் விடைக்கும் தனி இடம் வகுத்தனர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவும் செப்பும் வழுவாமல் அமைய வேண்டிய நெறியை உரைத்தார். நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்தார். இசுலாமியத் தமிழ் இலக்கியமும் வினா விடை வடிவத்தைப் பொன்னேபோல் போற்றியது. வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ 1572ஆம் ஆண்டினது. அதன் பெயரிலுள்ள ‘மசலா’ என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவமே ஆகும்.

இன்று கணினியும் நம்மை வினவுகிறது. ‘இவற்றுள் எது வேண்டும்?’ என்று கேட்டு, நாம் தரும் விடைக்கேற்ப நடக்கிறது. இவ்வாறு கேட்பதற்கு அது காட்டும் வரிசையையே மெனு என்கிறோம்; தமிழில் தேர்வுப் பட்டியல் எனலாம். நிரல் எழுதக் கற்கும் மாணவர் கூட்டல், பெருக்கல், வட்டி, சராசரி முதலிய கணக்குகளை எழுதிப் பழகியபின், அவற்றையெல்லாம் ஒரே நிரலுள் அடக்கித் தேர்வுப் பட்டியல் ஒன்றை முன்வைப்பது வழக்கம். கணக்கே கடினம், பட்டியல் எளிது என அவர் எண்ணுவார். உண்மை அதற்கு மாறானது. கணக்கு எண்ணோடு மட்டும் பழகுவது. பட்டியலோ மனிதரோடு பழகுவது. எனவே இங்கு இலக்கணத்தின் துணை தேவைப்படுகிறது. அத்துணை எத்தகையது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பட்டியலின் நால்வகைப் பணி

கைத்தறியோடு தொடர்புடைய நாகல் நகர்க் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை இருப்பதாகக் கொள்வோம். அக்கடைக்கு ஒரு மாணவர் விற்பனை நிரல் எழுதித் தருகிறார். திரையில் தோன்றும் பட்டியல் பின்வருமாறு:

1. சேலை
2. வேட்டி
3. துண்டு
4. இன்றைய கணக்கைக் காண்
0. வெளியேறு

இப்பட்டியலைக் கையாளும் நிரலுக்கு நான்கு பணிகள் உண்டு. பட்டியலைக் காட்டுதல் முதலாவது. விடையைக் கேட்டுப் பெறுதல் இரண்டாவது. பெற்ற விடை எதனைக் குறிக்கிறது எனத் தெரிந்து அதற்குரிய செயலைச் செய்தல் மூன்றாவது. செயல் முடிந்ததும் மீண்டும் பட்டியலுக்கே திரும்புதல் நான்காவது. ‘வெளியேறு’ என்னும் விடை வரும்வரை இந்நான்கும் சுழன்றுகொண்டே இருக்கும்.

இவ்வாறு படிமுறையாக வகுத்த நெறியை அல்காரிதம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் மொழியில் திரிந்து வழங்கியதே இச்சொல்லின் தோற்றம். குழப்பத்திற்கு இடமின்றி, முதற்படியிலிருந்து இறுதிப்படி வரை யாரும் பின்பற்றக்கூடிய வகையில் வழி சொல்லுதலே அந்நெறியின் உயிர்நாடி.

நிபந்தனையும் தமிழ்த் தொடரமைப்பும்

மூன்றாவது பணியாகிய தெரிதல் நிபந்தனையால் நிகழ்வது. ‘விடை ஒன்று எனில் சேலைக்குரிய செயலைச் செய்’ என்பது நிபந்தனை. ஆங்கிலத்தை ஒட்டி அமைந்த நிரல் மொழிகளில் ‘இஃப்’ என்னும் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். தமிழிலோ ‘மழை பெய்தால் குடை எடு’ என்கிறோம். நிபந்தனைப் பொருளைத் தரும் உறுப்பு வினையின் ஈற்றில் அமைகிறது. செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என இதனை நம் இலக்கணம் வழங்கும்.

இத்தமிழ் மரபை நிரல் மொழியிலும் காக்க இயலும் என்பதற்குச் சான்றாக விளங்குவது ‘எழில்’. முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்நிரல் மொழி பற்றிய ஆய்வுரை 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. இம்மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னுமாக அமைகின்றன:

@( விடை == "1" ) ஆனால்
    பதிப்பி "சேலை"
@( விடை == "2" ) இல்லைஆனால்
    பதிப்பி "வேட்டி"
இல்லை
    பதிப்பி "1 முதல் 4 வரை ஓர் எண், அல்லது 0 தருக"
முடி

இங்கு வரும் ‘ஆனால்’ என்பது இக்கால வழக்கில் எதிர்மறைத் தொடர்பு காட்டும் ‘ஆனால்’ அன்று. ‘ஆயின்’ என்னும் பொருளில் வரும் ‘ஆனால்’ என்பது நோக்கத்தக்கது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர், நிபந்தனை என்பது தமக்குப் புதிய பொருளன்று, தம் தாய்மொழியில் நாள்தோறும் ஆளும் எச்சமே என்று உணர்ந்தால் அவருடைய அச்சத்தில் பாதி அகலும்.

மேற்காட்டிய நிரற்பகுதியின் கடைசிக் கிளையாகிய ‘இல்லை’ என்பதையே மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். எதிர்பார்த்த விடைகளுக்கெல்லாம் வழி சொல்லி, எதிர்பாராத விடைக்கு வழி சொல்லாது விடுகின்றனர். இது குறித்துச் சற்று விரிவாகக் காண்போம்.

ஓர் எழுத்து விளைக்கும் கேடு

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கினார். அம்மொழியிலும் அதன்வழி வந்த சி++ மொழியிலும் பட்டியலைக் கையாளுவதற்கு ‘ஸ்விட்ச்’ என்னும் அமைப்பு உண்டு. ஒவ்வொரு விடைக்கும் ஒரு ‘கேஸ்’. எதிலும் அடங்காத விடைக்கு ‘டிஃபால்ட்’. ஒவ்வொரு கேஸின் இறுதியிலும் ‘பிரேக்’ என நிறுத்தாவிடில் நிரல் அடுத்த கேஸுக்குள்ளும் புகுந்துவிடும். சேலை வாங்கியவருக்கு வேட்டியும் துண்டும் சேர்த்து விலைச்சீட்டு வரும். இப்பிழை வெளிப்படையாகத் தெரிவதால் மாணவர் விரைவில் திருத்திக்கொள்வர்.

மற்றொரு பிழை மறைந்து நிற்பது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2018-19ஆம் கல்வியாண்டில் சி++ இடம்பெற்றது. அம்மொழியில் முதலில் கற்கும் முறைப்படி, விடையை எண்ணாகவே பெறுவதற்கு நிரல் எழுதப்படுகிறது. கடைக்காரர் 2 என்னும் எண்ணுக்கு மாறாக ‘வேட்டி’ என்று தட்டச்சு செய்தால் என்ன நிகழும்? எண்ணை எதிர்பார்த்த நிரல் எழுத்தைக் கண்டு தடுமாறி, உள்ளீட்டு வாயிலைப் பிழைநிலையில் நிறுத்திவிடும். படிக்கப்படாத எழுத்து அவ்வாயிலிலேயே கிடக்கும். சுழற்சி மீண்டும் வரும்போது கேட்பதற்கு நிற்காமலேயே மறுபடியும் தோற்கும். இவ்வாறு பட்டியல் திரையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். எந்த விசையைத் தட்டினாலும் பயனிராது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வரையறைப்படி, இவ்வாறு படித்தல் தோற்றபோது விடையை வைத்திருந்த இடத்தில் பழைய மதிப்பே நிற்கும். முன்பு 1 தந்திருந்தால், சேலை விற்றதாகவே கணக்கு மீண்டும் மீண்டும் ஏறும். 2011ஆம் ஆண்டின் வரையறைப்படியோ அங்கே சுழி வந்து அமரும். நம் பட்டியலில் சுழி என்பது ‘வெளியேறு’. ஆகவே ‘வேட்டி’ என்று கேட்டவருக்குக் கடையே மூடப்படும். ஒரே பிழை, ஓரிடத்தில் பொய்க்கணக்காகவும் மற்றோரிடத்தில் காரணம் தெரியாத கதவடைப்பாகவும் வடிவம் கொள்கிறது.

பைத்தான் மொழியில், எழுத்தை எண்ணாக மாற்ற முயன்றால் நிரல் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் வரிவரியாகத் தோன்றும் அச்செய்தியைக் காணும் முதல் தலைமுறை மாணவர், தவறு தம்முடையதென்றும், இத்துறை தமக்கு ஒவ்வாதென்றும் எண்ணி ஒதுங்க நேர்கிறது. அவருடைய கணக்கில் பிழை இல்லை. வேறு விடை வரக்கூடும் என்று அவருக்கு யாரும் முன்னரே சொல்லாததே குறை.

திண்டுக்கல் பூட்டை இங்கு நினைவுகூர்தல் தகும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டினுள் வேறொரு சாவியை நுழைத்தால் பூட்டு திறவாது. ஆயினும் கெட்டும் போகாது. அச்சாவியை எடுத்துவிட்டு உரிய சாவியை இட்டால் முன்போலவே திறக்கும். தேர்வுப் பட்டியலும் இத்தகைய உறுதியோடு இருத்தல் வேண்டும்.

அதற்குரிய வழி எளியது. விடையை முதலில் எண்ணாகப் பெறாமல் எழுத்துத் தொடராகவே பெறுக. தொடரின் முன்னும் பின்னுமுள்ள வெற்றிடங்களை நீக்குக. பின்னர் அது பட்டியலில் உள்ளதா எனப் பார்க்க. உள்ளதெனில் செயலுக்குச் செல்க. இல்லையெனில் மீண்டும் கேட்க. எழுத்துத் தொடராகப் பெறும்போது எந்த விசையை அழுத்தினாலும் அது ஒரு தொடரே ஆதலின், நிரல் தடுமாற இடமில்லை.

செப்பு வழுவும் தொல்காப்பியர் தீர்ப்பும்

மீண்டும் கேட்பதற்கு முன் ஒன்று சிந்திக்கற்பாலது. பட்டியலில் உள்ளபடியே வராத விடைகள் அனைத்தும் தவறானவையா? வேட்டி வேண்டும் ஒருவர் ‘2.’ என்று புள்ளியிட்டுத் தரலாம். தமிழ் எண்ணுருவில் ‘௨’ என்று தரலாம். ‘வேட்டி’ என்றே எழுதலாம். இவருள் எவரும் பொருளில் தவறவில்லை. வடிவில் மட்டுமே வேறுபட்டனர்.

தொல்காப்பியர் இச்சிக்கலுக்குத் தீர்ப்பு வழங்கியுள்ளார். வினாவும் செப்பும் வழுவாமல் காக்க என விதித்த அவரே, செப்பு வழுவி வரினும், அது வினாவிய பொருளோடு பொருந்திய சொல்லாயின் விலக்கத்தக்கதன்று என்று அமைதி கூறினார். வினாவுக்கு எதிராக வினாவே வந்தாலும் அதுவும் செப்பே என்றார். விடை சொல்வோனை வடிவம் என்னும் வேலிக்குள் அடைக்காமல், பொருளைக் கண்டு ஏற்கும் பேருள்ளம் இதில் புலப்படுகிறது.

இத்தீர்ப்பைப் பின்பற்ற ‘அகராதி’ அமைப்பு பெரிதும் உதவும். பைத்தான் மொழியில் ‘டிக்ஷ்னரி’ எனப்படும் இது, ஒரு சொல்லைத் தந்தால் அதற்குரிய பொருளைத் தருவது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வருவதைக் காண்கிறோம். அதுபோல் ‘2’, ‘2.’, ‘௨’, ‘வேட்டி’ ஆகிய நான்கையும் தலைச்சொற்களாக இட்டு, நான்குக்கும் வேட்டி விற்கும் செயலையே பொருளாகக் குறித்துவிடலாம். நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டுவதில்லை. புதிதாகப் போர்வை வந்தால் அகராதியில் ஒரு பதிவு சேர்த்தால் போதும். திரையில் காட்டும் பட்டியலையும் அதே பதிவுகளிலிருந்தே உருவாக்கினால், காட்டுவது ஒன்று, செய்வது மற்றொன்று என்னும் முரண்பாடும் எழாது. (பைத்தானில் எண்ணாக மாற்றும் கட்டளை ‘௨’ என்பதை இரண்டு என்றே ஏற்கும், எழுத்தாக ஒப்பிட்டால் மட்டுமே ‘௨’ வேறு, ‘2’ வேறு எனக் கொள்ளும்.)

எனினும் தொல்காப்பியர் இட்ட வரம்பை மறத்தலாகாது. பொருளோடு பொருந்தினால் மட்டுமே ஏற்க என்பது அவர் கருத்து. ஒருவர் ‘23’ என்று தந்தால் அது வேட்டியா துண்டா என நிரல் தானே ஊகித்தல் தகாது. பணம் தொடர்பான இடத்தில் ஊகிப்பதைவிட மீண்டும் கேட்பதே நன்று. கேட்கும்போதும் ‘தவறான உள்ளீடு’ என்று கடிந்துரைத்தல் பயனற்றது. ‘நீங்கள் தந்தது 23. 1 முதல் 4 வரை ஓர் எண், அல்லது 0 தருக’ என்றால், என்ன நிகழ்ந்தது என்பதும் இனி என்ன செய்வது என்பதும் ஒருங்கே விளங்கும்.

எண்வகை விடை

நன்னூலார் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பாக உணர்த்துபவை. தேர்வுப் பட்டியலை வகுப்போர் இவ்வெட்டையும் எண்ணிப் பார்த்தால் எந்த விடையும் விடுபடாது.

விரலால் தொட்டும், சுட்டியால் காட்டியும் தேர்ந்தெடுப்பது சுட்டு விடை. ‘2’ என்பது நேர் விடை. ‘0’ என்பது மறை விடை. ‘இவற்றுள் எதுவும் வேண்டா’ என்று சொல்லும் உரிமை அது. ஒன்றும் எழுதாமல் என்டர் விசையை மட்டும் தட்டுவது, ‘நீயே செய்’ என்னும் ஏவல் விடையை ஒத்தது. அதற்கு நிரல் தானே கொள்ளும் இயல்புத் தேர்வு ஒன்றை வைக்கலாம். அவ்வாறு வைப்பின், அது எவருக்கும் தீங்கு தராததாக இருத்தல் வேண்டும். வினாக்குறியை இடுவதும், ‘எப்படி?’ என்று எழுதுவதும் வினா எதிர் வினாதல். அதற்கு விளக்கம் தருவதே முறை. பட்டியலில் இல்லாத ‘சட்டை’யைக் கேட்பது இனமொழியின் பாற்படும். ‘சட்டை இல்லை, இருப்பவை இவை’ என்பதே அதற்குரிய மறுமொழி.

உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் மட்டும் எஞ்சுகின்றன. ‘நேற்று வாங்கிய சேலை கிழிந்திருந்தது’ என்பது உற்றது. ‘இதை உடுத்தினால் சாயம் போகும்’ என்பது உறுவது. இவற்றை எந்தப் பட்டியலும் எண்ணுக்குள் அடக்க இயலாது. ஆதலின் மக்கள் பயன்படுத்தும் பட்டியல் எதுவாயினும், மனிதர் ஒருவரை அழைத்துப் பேசுவதற்கு அதில் ஒரு வழி இருத்தல் இன்றியமையாதது.

மீளாச் செயலும் உறுதி கேட்டலும்

சில தேர்வுகள் மீட்க இயலாதவை. நம் பட்டியலில் ‘5. கணக்கை அழி’ என ஒன்று சேர்த்தால், நான்கைத் தட்டப்போய் ஐந்தைத் தட்டியவர் அன்றைய வரவையெல்லாம் இழப்பார். அத்தகைய தேர்வை மற்றவற்றினின்று தள்ளி வைத்து, ‘அழிக்கவா?’ என மீண்டும் வினவி, ‘அழி’ என்னும் முழுச்சொல் வந்தபின்னரே செய்தல் வேண்டும்.

நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு எந்திரமும் ஒரு தேர்வுப் பட்டியலே. பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது, ஒலி எழுகிறது, உடன் இணைந்த கருவியில், வாக்கு எவருக்கு என்பதைக் காட்டும் சீட்டு ஏழு நொடி தோன்றுகிறது. தந்த விடை இன்னதெனப் பெறப்பட்டது என்று வாக்காளருக்கே திருப்பிக் காட்டும் இந்நெறி மாணவர் பின்பற்றத்தக்கது. உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக ‘மேற்கண்ட எவருமில்லை’ என்னும் தேர்வும் அதில் இடம்பெற்றது. மறுப்பும் ஒரு முழுமையான விடையே என்பதை அத்தேர்வு உறுதிப்படுத்துகிறது.

வாயிலில் நிற்போர்

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறு நிரலுக்கு வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். இன்று வங்கியும் அரசு அலுவலகமும் மருத்துவமனையும் தம் வாயிலில் பட்டியலையே நிறுத்தி வைத்துள்ளன. இணைய வசதியில்லாத எளிய கைப்பேசியிலும் வங்கிச் சேவை பெறுவதற்கென *99# என்னும் சேவை 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எண்களைத் தேர்ந்து, இருப்புத் தொகையை அறியவும் பணம் அனுப்பவும் உதவும் இச்சேவையும் முற்றிலும் தேர்வுப் பட்டியலால் இயங்குவதே. விலைமிக்க கைப்பேசி வாங்க இயலாத ஒருவருக்கு அப்பட்டியலே வங்கியின் கதவு. விடை தரச் சற்றுத் தாமதித்தால் இத்தகைய சேவைகளில் தொடர்பு அறுந்துபோவதும் உண்டு. கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் முதியவருக்கு அந்நேரம் போதுமா என்பதை அதனை வகுப்போரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் வாடிக்கையாளரின் தயக்கத்தைக் கண்டு மறுபடியும் விளக்குவார். பட்டியலுக்குக் கண் இல்லை. ஆகவே நிரல் எழுதுவோர் தம் கண்ணையும் பொறுமையையும் முன்கூட்டியே அதில் வைத்துச் செல்லுதல் வேண்டும். அவ்வாறு வைக்கத் தவறினால், ஓய்வூதியத்தை அறிய வந்த மூதாட்டி தவறு தம்முடையதே எனக் கருதித் திரும்பிச் செல்வார். அவர் முறையிடவும் மாட்டார். அத்தவறு எந்தக் கணக்கிலும் ஏறாது.

முடிவுரை

தேர்வுப் பட்டியல் என்பது கணினியின் வாயிலாக ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் கேட்கும் வினா. விடை எத்தகையதாயினும் நிலைகுலையாதிருத்தல், பொருள் பொருந்தின் வடிவம் நோக்காது ஏற்றல், பொருந்தாதவிடத்து ஊகியாது பணிவுடன் மீண்டும் கேட்டல், மறுக்கும் உரிமையளித்தல், மீளாச் செயலுக்கு உறுதி பெறுதல் ஆகிய ஐந்தும் அதற்குரிய நெறிகள் எனக் கண்டோம். இவற்றுள் பலவும் நம் இலக்கண நூல்களில் முன்னரே வித்திடப்பட்டவை என்பதும் தெளிவாகிறது.

நிரல் எழுதும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியரிடம் ஒப்படைக்கும் முன் உங்கள் பட்டியலுக்கு எட்டு விடைகளைத் தந்து பாருங்கள்: உரிய எண், பட்டியலுக்கு அப்பாற்பட்ட எண், ஓர் எழுத்து, ஒரு முழுச்சொல், தமிழ் எண், வெற்றிடத்தோடு கூடிய எண், வினாக்குறி, வெறும் என்டர். எட்டுக்கும் நிரல் நின்று மறுமொழி கூறினால், அடுத்து வீட்டிலுள்ள பாட்டியாரிடமோ நன்னிமாரிடமோ கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அருகே அமர்ந்து பாருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ, அங்கே திருத்த வேண்டியது உங்கள் வினாவை.